காலி பிக்கப்பில் 55–75 வேகத்தில் அதிர்வு: பாலன்சிங், அலைன்மென்ட், மவுண்டிங் எல்லாம் பார்த்தும் போகவில்லை

களக்காட்டு லோடு

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வண்டி ஒன்றரை டன் டீசல் பிக்கப், நாலு சிலிண்டர், ஓடினது 3,12,000 கி.மீ. பின்சக்கரம்தான் இழுக்கும். கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுத்தைக் கொண்டுபோற தண்டு (ஜாயின்ட்) ரெண்டு துண்டு, நடுவுல அதைத் தாங்குற சென்டர் பேரிங். டயர் 215/75 ஆர்15. களக்காட்டுல வாழைத்தார் ஏத்தி நாகர்கோவில் போவும், திரும்பி வரையில பெரும்பாலும் காலி.

காலி வண்டியா நாலுவழிச் சாலையில 55-ஐத் தாண்டினதும் சீட்டுக்கு அடியிலயும் பின் பாடியிலயும் நடுக்கம் ஆரம்பிக்கும். 65 பக்கத்துல உச்சம். 75 தாண்டினா தணியும். ஸ்டீயரிங் கையில ஒண்ணுமே தெரியாது. லோடு இருந்தா அந்த வேகத்துல பாதிகூட இல்ல. ஆனா லோடோட ஸ்பீடு பிரேக்கர் தாண்டி ரெண்டாவது கியர்ல எடுக்கையில, 15–20 வேகத்துல அடியில தடதடன்னு உதறும்.

இதுவரை செஞ்சது: நாலு டயரும் பாலன்சிங், அலைன்மென்ட், முன் ஹப் பேரிங், இன்ஜின் மவுண்டிங் ரப்பர். எதுக்கும் அசையல. அடுத்து எதைக் கழட்டணும்?

பேட்டை லேத்

இப்போதைக்கு எதையும் கழட்டாதீங்க தம்பி. ஓட்டிப் பார்த்தே பாதியை ஒதுக்கிடலாம். காலி ரோடா, நேர் ரோடா பார்த்துக்கிடுங்க, பக்கத்துல ஒரு ஆள் இருந்து குறிச்சுக்கிடட்டும்.

65-ல அஞ்சாவது கியர்ல போங்க, அதே 65-ஐ நாலாவது கியர்லயும் பிடிங்க. இன்ஜின் சுற்று மாறும், வீல் சுற்று மாறாது. நடுக்கம் அப்படியே இருந்தா இன்ஜினும் கிளட்சும் வெளிய. அப்புறம் 70-ல கிளட்ச்சை மிதிச்சு உருள விடுங்க. சாவியை அணைச்சிராதீங்க, பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் போயிரும். உருளையிலயும் அதே அளவு ஆடினா வீல், டிரம், ஜாயின்ட் பேலன்ஸ் பக்கம் பாக்கணும். ஆக்ஸிலேட்டர் மிதிக்கையில கூடி, விட்டதும் குறைஞ்சா ஜாயின்ட் கோணம், கிராஸ் (ஜாயின்ட் மடங்குற இடத்துல உள்ள சிலுவைத் துண்டு), பினியன் (ஜாயின்ட் போய்ச் சேருற ஆக்ஸில் பல்சக்கரம்) பேரிங், பட்டை (பின் ஸ்பிரிங்) முறுக்கு. நேர்மாறா, விட்டதும் கூடினா பினியன் நட்டு, பேரிங் பிளே.

கடைசியா, நிறுத்தி நியூட்ரல்ல 65-க்கு உண்டான சுற்று வரைக்கும் ஏத்திப் பாருங்க. நின்ன வண்டி ஆடாட்டி இன்ஜின் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம்.

இன்னொண்ணு கேக்கணும். சமீபத்துல கிளட்ச், கியர்பாக்ஸ், பட்டை, இதுல எதுலயாவது கை வச்சிருக்கா?

நாங்குநேரி டயர்

பாலன்சிங் செஞ்சாச்சுன்னு டயரை விட்டுற முடியாது. மெஷின் எடையைத்தான் சொல்லும், வட்டமா இருக்கான்னு சொல்லாது. உள்ள பெல்ட் பிரிஞ்ச டயர் சைபர் காட்டும், ரோட்டுல குதிக்கும். வெயில்ல லோடு ஓடுற பின் டயர்லயும் ரீட்ரெட் டயர்லயும் இது அடிக்கடி வரும்.

பின் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டுல வச்சு, டயர் முகத்துல இருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு கம்பியை நட்டு, கையால மெதுவா சுத்துங்க. இடைவெளி ஒரு சுத்துக்குள்ள 1.5 மி.மீ.க்கு மேல மாறினா ரிம்மா டயரான்னு பிரிச்சுப் பாக்கணும். கம்பியை ரிம் விளிம்புக்கு மாத்தி வச்சா தெரிஞ்சிரும். டயர் முகத்துல உள்ள பட்டன் வரிசை ஒரு இடத்துல பாம்பு மாதிரி வளைஞ்சிருந்தா அந்த டயரை வெளிய எடுத்திருங்க. அது அதிர்வோட நிக்காது, வெடிக்கும்.

இரும்பு ரிம்முக்கு நடு ஓட்டை பெருசு. மெஷின்ல சரியான கூம்பு போடாம பிடிச்சா ரிம் மையம் தள்ளி உக்காரும், வெயிட் எல்லாம் தப்பான இடத்துல அடிச்சிருப்பாங்க. சோதிக்க எளிய வழி உண்டு: பாலன்சிங் முடிஞ்ச வீலைக் கழட்டி, பாதிச் சுத்து திருப்பி அதே மெஷின்ல மறுபடி மாட்டச் சொல்லுங்க. சைபர் வராட்டி பிடிச்ச விதம் தப்பு.

ரிம்முக்கு உள்பக்கம் காஞ்ச வயல் சேறு இருக்கான்னும் பாத்துக்கிடுங்க.

களக்காட்டு லோடு

பார்த்தாச்சு.

நாலாவது, அஞ்சாவது ரெண்டுலயும் 65-ல ஒரே நடுக்கம். கிளட்ச் மிதிச்சு உருட்டினா பாதிக்குக் கீழ குறையுது, ஆனா முழுசா போகல. நின்ன வண்டி சுத்தம். பின் டயர் ரெண்டையும் முன்னால மாத்திப் போட்டேன், நடுக்கம் இடம் மாறல, ஸ்டீயரிங்குக்கும் வரல. கம்பி வச்சுப் பார்த்ததுல ஒரு டயர் 1 மி.மீ., மத்தது அதுக்கும் கீழ.

கிளட்ச்ல கை வைக்கல. பின்னால பட்டைக் கட்டுல மட்டும் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாப் போட்டிருக்கு, சென்டர் போல்ட்டும் புதுசு. நடுக்கம் அதுக்கப்புறம்தான்னு உறுதியாச் சொல்ல முடியல, ஆனா கூடினது அதுக்கப்புறம்தான்.

போன்ல ஒரு அதிர்வு ஆப் போட்டு சீட்டுத் தண்டவாளத்துல கட்டி எடுத்தேன். 60-ல உச்சம் 33 ஹெர்ட்ஸ். இதை வச்சு என்ன செய்ய?

வள்ளியூர் காற்றாடி

அந்த எண்ணை வைத்து நிறையச் செய்யலாம். முதலில் மூன்று அளவுகள் வேண்டும்.

டயரின் உண்மையான சுற்றளவு: டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி டேப்பில் அளங்கள். உங்கள் அளவு டயருக்கு 2.15 மீட்டர் பக்கம் வரும். கிரவுன் விகிதம் (வீல் ஒரு சுற்றுக்கு ஜாயின்ட் எத்தனை சுற்று என்பது): ஒரு பின் வீலை மட்டும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, அந்த வீலைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஜாயின்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். மற்ற வீல் தரையில் நிற்பதால் டிபரன்ஷியல் பாதியாக்கும், அதனால்தான் இரண்டு சுற்று. மற்ற மூன்று வீலுக்கும் முட்டுக்கட்டை கட்டாயம், ஹேண்ட்பிரேக் விட்டிருக்கும். மூன்றாவது, வேகத்தை மீட்டரில் பார்க்காமல் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள்.

விகிதம் 4.3 என்று வைத்துக்கொண்டால், 60 வேகத்தில் வீல் நொடிக்கு 7.75 சுற்று. ஜாயின்ட் 33.3 சுற்று. ஆக உங்கள் 33 நேராக ஜாயின்ட்டைக் காட்டுகிறது. ஜாயின்ட் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் சுற்றுக்கு ஒரு உதறல், 33 ஹெர்ட்ஸ். கிராஸ் கோணம் தப்பினால் சுற்றுக்கு இரண்டு உதறல், 67 ஹெர்ட்ஸ்.

இங்கேதான் போன் ஏமாற்றும். பல போன்களில் அந்த ஆப் நொடிக்கு 100 தடவைதான் அளவெடுக்கும். 50-க்கு மேல் உள்ள அதிர்வை அதனால் சரியாகக் காட்ட முடியாது, 100-இல் கழித்துக் காட்டும். நிஜமான 67, திரையில் 33 ஆகத் தெரியும். 60 வேகத்தில் இரண்டும் ஒரே எண்ணில் வந்து விழுவது உங்கள் வண்டிக்கு நேர்ந்த தற்செயல்.

பிரிப்பதற்கு வேகத்தைக் கூட்டினால் போதும். எடைக் குறை என்றால் எண்ணும் ஏறும்: 66-இல் 37, 70-இல் 39. கோணக் குறை என்றால் எண் இறங்கும்: 66-இல் 27, 70-இல் 22. ஆப்பில் நொடிக்கு 200, 400 அளவு என்று மாற்ற வழி இருந்தால் மாற்றிவிட்டும் ஒருமுறை எடுங்கள்.

களக்காட்டு லோடு

விகிதம் 4.3 தான், சாக்பீஸ் அளவு 2.15. 60-ல 33, 66-ல 27, 70-ல 22-ன்னு இறங்குது. 400-க்கு மாத்தினா 60-ல 67-ன்னே காட்டுது.

வள்ளியூர் காற்றாடி

அப்படியானால் டயர், ரிம், டிரம், ஜாயின்ட் பாலன்சிங் நான்கும் பட்டியலிலிருந்து போய்விட்டன. இது சுற்றுக்கு இரண்டு உதறல். கிராஸ், யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) வரிசை, கோணம், இந்த மூன்றில் ஒன்று. லோடு எடுக்கும்போது 18 வேகத்தில் வரும் உதறலும் இதே குடும்பம்: அந்த வேகத்தில் ஜாயின்ட் நொடிக்கு 10 சுற்று, உதறல் 20. சென்டர் பேரிங் ரப்பர் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் ஜாயின்ட் மொத்தமும் மேலும் கீழும் அடிக்கும்.

பேட்டை லேத்

இனி அடியில போகலாம். வரிசையாச் சொல்லுதேன்.

ஜாயின்ட்டைக் கழட்டும் முன்ன எல்லா பிளாஞ்ச்சுலயும் (போல்ட் போட்டு இணைக்கிற தட்டு), நீளம் கூடிக் குறையுற ஸ்லிப் யோக்குலயும் சென்டர் பஞ்சால புள்ளி குத்திருங்க. பெயின்ட் கோடு கிரீஸ்ல அழிஞ்சிரும். கழட்டும் முன்னயே ஸ்லிப்புக்கு முன்னாலயும் பின்னாலயும் உள்ள யோக் காது ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கான்னு கண்ணை வச்சுப் பாருங்க. பெரும்பாலான வண்டியில ஒரே கோட்டுலதான் இருக்கணும். ஒரு பல் தள்ளிக் கோத்திருந்தாலும் சுத்துக்கு ரெண்டு உதறல் வரும். கிளட்ச் வேலைக்கு இறக்கி ஏத்தின வண்டியில இதுதான் முதல் சந்தேகம். உங்க வண்டியில யாரும் இறக்கலன்னாலும் பாத்துருங்க.

கிராஸ்: ஜாயின்ட் வண்டியில இருக்கையில ரெண்டு யோக்கையும் ரெண்டு கையால பிடிச்சு எதிரெதிராத் திருகுங்க. கிளுக்குன்னா கிராஸ் போச்சு. கிளுக்கு இல்லாட்டியும் முடிவு கட்டாதீங்க. கழட்டின பிறகு யோக்கை ரெண்டு திசையிலயும் மெல்லச் சாய்ங்க. வழுவழுன்னு வரணும். நடுவுல ஒரு இடத்துல குழியில விழுந்த மாதிரி நின்னு போனா ஊசி பேரிங் கிராஸ் கம்பத்துல தடம் பதிச்சிருக்கு. நேர்கோட்டுல ரொம்ப நாள் ஓடின கிராஸ்ல இப்படி ஆகும், நகத்தை ஓட்டினாலே வரிவரியாத் தட்டுப்படும். கப்பைச் சுத்தி செம்பொடி இருந்தா கிரீஸ் போகாம காஞ்சிருக்கு. கிரீஸ் அடிக்கையில நாலு கப்புலயும் பழைய கிரீஸ் பிதுங்கி வரணும். மூணுல வந்து ஒண்ணுல வராட்டி அந்தக் கப் பட்டினி. யோக்கைச் சாய்ச்சுப் பிடிச்சு மறுபடி அடிங்க.

சென்டர் பேரிங்: ரப்பரைக் கையால மேலும் கீழும் தள்ளுங்க. கண்ணுக்குத் தெரியாத கிழிசல் அப்பத்தான் வாய் திறக்கும். உள்ள பேரிங்கைச் சுத்தையில நெறநெறன்னா அதுவும் மாத்து.

பினியன் பிளாஞ்ச்சை மேலும் கீழும் அசைங்க. ஒரு துளி ஆட்டமும் இருக்கக்கூடாது. ஆட்டம் இருந்தா நட்டை மட்டும் இறுக்கி விட்டுறாதீங்க. உள்ள நசுங்கும் புஷ் வச்ச ஹவுசிங்னா கூடுதலா இறுக்கினதும் பேரிங் சூடாகிப் போயிரும்.

இதெல்லாம் சரியா இருந்தா கோணம் அளக்கணும். வண்டி நாலு டயர்ல சமதரையில நிக்கணும். சேசிஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளந்தா அந்த எண்ணு குப்பைக்குத்தான். நாலு இடத்துல அளங்க: கியர்பாக்ஸ் பின்முகம், முன் துண்டு, பின் துண்டு, பினியன் பிளாஞ்ச். பிளாஞ்ச் முகம் செங்குத்து, அதனால அதுல வச்ச அளவை 90-ல கழிச்சுக்கிடணும். துரு, பெயின்ட் இல்லாத கடைஞ்ச முகத்துல வைங்க. எல்லாத்துக்கும் ஒரே போனை, ஒரே பக்கம் பார்த்து வைங்க. பின்பக்கம் இறக்கமா, ஏத்தமான்னும் எழுதணும்.

களக்காட்டு லோடு

யோக் காது ஒரே கோட்டுல இருக்கு. கிராஸ் மூணுல நடுவுல உள்ளதுல மட்டும் லேசா நிக்குது, கிளுக்கு இல்ல. சென்டர் பேரிங் ரப்பர் கீழ்ப்பாதி கிழிஞ்சிருக்கு. பினியன்ல ஆட்டம் இல்ல, சீல்ல கசிவும் இல்ல.

காலி வண்டியில கோணம், எல்லாமே பின்பக்கம் இறக்கம்: கியர்பாக்ஸ் 3.5, முன் துண்டு 4, பின் துண்டு 9.5, பினியன் 7.

வள்ளியூர் காற்றாடி

நடு கிராஸ் மடங்கும் கோணம் 9.5-இல் 4 போக 5.5. பின் கிராஸ் 9.5-இல் 7 போக 2.5. குறை இங்கேதான்.

ஒரு கிராஸ் மடங்கிச் சுற்றும்போது, உள்ளே சீராக வரும் சுற்று வெளியே ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறைந்து போகும். அடுத்த கிராஸும் அதே அளவு மடங்கினால் அந்த ஏற்ற இறக்கத்தைத் திருப்பி அடித்துச் சமன் செய்யும். உங்களுக்கு 5.5 உண்டாக்கியதை 2.5 திருப்பி அடிக்க முடியவில்லை. வித்தியாசம் 3 டிகிரி. ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதோடு 5.5 என்பதே இந்தச் சுற்றுக்கு அதிகம். 3 பக்கம் கொண்டுவருவது நல்லது. முன் கிராஸின் அரை டிகிரி சரியே. சைபர் ஆக்கிவிடாதீர்கள், ஊசி உருளாமல் ஒரே இடத்தில் நின்று தடம் பதித்துவிடும்.

லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கும், பின் துண்டின் சரிவு குறையும், கோணங்கள் சுருங்கும். லோடில் நடுக்கம் குறைவதற்கு இதுவே காரணம். எடுக்கும்போது மட்டும் உதறுவதற்குக் காரணம் வேறு: இழுவையில் ஆக்ஸில் பட்டையை முறுக்கிப் பினியன் மூக்கை மேலே தூக்கும். ஏற்கெனவே மேலே நிற்கும் மூக்கு இன்னும் மேலே போகிறது.

பேட்டை லேத்

பட்டை கூட்டினா பின் துண்டு சரிவு ஏறும், சரிதான். ஆனா அது மட்டும் பினியனைத் திருப்பாது. முன் துண்டு 4-ல இருக்கையில பினியனும் 4 பக்கத்துல இருக்கணும். 7-ல நிக்குன்னா பட்டைக்கும் ஆக்ஸில் மேடைக்கும் நடுவுல உள்ள சாய்வுத் தகட்டைப் பாருங்க. சில பட்டறையில டேப்பர்ம்பாங்க, சில இடத்துல ஆப்பு. அது 1.5 டிகிரி தகடா இருந்து முன்பின் திருப்பிப் போட்டிருந்தா மாத்தம் சரியா 3 டிகிரி. தடிச்ச பக்கம் எது, எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு வெர்னியர்ல அளந்து சொல்லுங்க. ரெண்டு பக்கமும் பாக்கணும். ஒண்ணு சரி, ஒண்ணு தப்புன்னா ஆக்ஸில் மேடையே முறுக்கு வாங்கும்.

முக்கூடல் வாழை

அண்ணாச்சி, கோணம் எல்லாம் சரி. ஆனா தார் ஏத்துற வண்டியில கூட்டின பட்டையை எடுங்கன்னு மட்டும் சொல்லிறாதீங்க. தார் பச்சையா அடுக்கினா பாரம் பின்னால நிக்கும், பட்டை தாங்காட்டி பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் வானத்தைப் பாக்கும். சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவுல பேக்கிங் வச்சு இறக்கினா கோணம் குறையாதா? கம்மிச் செலவும்கூட.

பேட்டை லேத்

குறையும், ஆனா இடம் மாறும். நடுவுல 10 மி.மீ. இறக்கினா முன் துண்டு சரிவு கூடும், பின் துண்டு சரிவு குறையும். முன் கிராஸ் அரை டிகிரியில இருந்து ஒண்ணு, ஒண்ணரைக்குப் போகும். அதைத் தாங்கிக்கிடலாம். பின் கிராஸுக்கும் நடு கிராஸுக்கும் உள்ள 3 டிகிரி வித்தியாசத்தை அது முழுசாத் தீர்க்காது. முதல்ல தகடு, அப்புறம் மிச்சம் இருந்தா பேக்கிங்.

பட்டை விஷயத்துல ஒண்ணு சொல்லுதேன். மெயின் கட்டுல முழு நீளப் பட்டை சேர்த்தா காலியிலயும் வண்டி தூக்கியே நிக்கும். அதுக்குப் பதில் அடியில நேர்ப்பட்டையா, தட்டையா ஒரு உதவிப் பட்டை வச்சா காலியில தொடாது, பாரம் ஏறி அமுங்கினதும் வேலை செய்யும். ஆர்.சி. புத்தகத்துல உள்ள மொத்த எடைக்கு அது போதும். அதுக்கு மேல ஏத்தணும்னா பட்டை மட்டுமில்ல, ஹவுசிங், ஸ்டப், பிரேக், டயர் எதுவும் அதுக்குச் செஞ்சதில்ல. அந்த வண்டியில பட்டையை மட்டும் பலமாக்கினா உடையுற இடம் வேற எங்கயோ போயிரும்.

முக்கூடல் வாழை

உதவிப் பட்டைக்கு யு போல்ட் நீளம் பத்தாதே. பழசையே போட்டா நட்டுக்கு மேல மரை நிக்காது.

பேட்டை லேத்

பழைய யு போல்ட்டை எப்படியும் மறுபடி போடக்கூடாது, ஒரு தடவை இழுபட்டது நீண்டிருக்கும். கட்டு உயரம் அளந்து புதுசு வாங்கணும், நட்டுக்கு வெளிய ரெண்டு மூணு மரை நிக்கணும். சென்டர் போல்ட் தலை ஆக்ஸில் மேடைக் குழியில முழுசா உக்காந்ததைப் பார்த்த பிறகுதான் இறுக்கணும். நாலு நட்டையும் குறுக்குக் குறுக்கா, வண்டி எடை டயர்ல நிக்கையில, அந்த வண்டிக்கு உண்டான டார்க் அளவுக்கு. 500 கி.மீ. ஓடினதும் மறு இறுக்கு கட்டாயம். ஷாக்கிள் புஷ் போல்ட்டும் வண்டி தரையில நிக்கையிலதான் இறுக்கணும், தொங்கையில இறுக்கினா ரப்பர் புஷ் முறுக்குலயே நின்னு கிழியும்.

களக்காட்டு லோடு

தகடு ரெண்டு பக்கமும் முன்பின் மாறித்தான் இருந்துச்சு. 1.5 டிகிரி தகடேதான். திருப்பிப் போட்டு, முழு நீளப் பட்டையை எடுத்து, அடியில தட்டை உதவிப் பட்டை ஒண்ணு. யு போல்ட் புதுசு. சென்டர் பேரிங்கும் நடு கிராஸும் மாத்தியாச்சு.

இப்ப காலியில: கியர்பாக்ஸ் 3.5, முன் துண்டு 4, பின் துண்டு 7, பினியன் 4.2. நடு கிராஸ் 3, பின் கிராஸ் 2.8. நாங்குநேரி–வள்ளியூர் ஓட்டினதுல 55–75 நடுக்கம் போச்சு. லோடுல எடுக்கையில உள்ள உதறல் முக்கால்வாசி போச்சு, மிச்சம் லேசா இருக்கு.

பேட்டை லேத்

மிச்சத்துக்கு சென்டர் பேரிங் பிராக்கெட்டைப் பாருங்க. அது ஷாப்ட்டுக்குச் செங்கோணமா நிக்கணும், ரப்பர் முன்னாலயோ பின்னாலயோ சாயக்கூடாது. ஓட்டை நீளவாக்குல இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் ஒரு நீளம் உருட்டி, பேரிங் தன் இடத்துல தானா உக்காந்த பிறகு இறுக்குங்க. ஸ்லிப் யோக் பல்லுல கிரீஸ் காஞ்சிருந்தாலும் பாரத்துல நீள மாட்டாம பேரிங்கைத் தள்ளும். கழட்டி, பழைய கிரீஸைத் துடைச்சு, புதுசு தடவி, பஞ்ச் புள்ளியைப் பார்த்துக் கோங்க.

வள்ளியூர் காற்றாடி

லோடு ஏற்றிய நிலையிலும் ஒருமுறை நான்கு கோணங்களையும் அளந்து எழுதி வையுங்கள். பின் துண்டு சரிவு 4 பக்கம் வந்துவிட்டால் நடு, பின் கிராஸ் இரண்டும் சைபரை நெருங்கும், அது கிராஸ் ஆயுளுக்கு ஆகாது. அப்படி வந்தால் உதவிப் பட்டையின் தடிப்பைக் கூட்டுவது நல்லது.

களக்காட்டு லோடு

பிராக்கெட் 4 மி.மீ. முன்னால சாஞ்சு இருந்துச்சு, உருட்டி இறுக்கியாச்சு. ஸ்லிப்பும் சுத்தம் பண்ணிக் கோத்தாச்சு. லோடுல ரெண்டாவது கியர்ல இப்ப சுத்தமா எடுக்கு. லோடு கோணம்: பின் துண்டு 5.3, பினியன் 4.4. யு போல்ட் மறு இறுக்குல ரெண்டு நட்டு கால் சுத்து வாங்குச்சு.